பாதை முனையில் நின்றுபோகும் டிராக்டர்

அன்புள்ள மச்சான் நொர்மாண்டுக்கு,

ஃபெர்னாண்ட் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் ஃப்ளோரிடா வெயிலில் கருகிப்போகாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மெய்ன் வடக்கில் ஆறு உட்பட எல்லாம் உறைந்து கிடக்கிறது. உன் அக்கா ரெஜான் நலம். நானும் நலம். நலமில்லாதது ஒன்றே ஒன்று, வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போகும்போது நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன தோட்டத்து டிராக்டர்.

முன்னால் பனி வாரி வீசும் கருவியை மாட்டிக் கொட்டகையிலிருந்து கிளப்பும்போது சாதுவாகத்தான் வருகிறது. வாசலிலிருந்து பாதை நெடுக ஒரு குறையும் இல்லை. பாதை போய்ச் சாலையில் சேரும் இடத்தில், ஊர் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன பனி வரப்பு மாதிரி இறுகிக் கிடக்கும் அல்லவா, அங்கே வந்ததும் ஒரு குலுங்கு குலுங்கி மூச்சை விட்டுவிடுகிறது. மறுபடி கிளப்பினால் கிளம்பும், மறுபடி வரப்பில் ஏறினால் சாகும். ரெஜான் விடியுமுன் முதியோர் இல்லத்துச் சமையலுக்குப் போயாக வேண்டும், கார் வெளியே வந்தாக வேண்டும். இலையுதிர்காலத்தில் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மண்வாரியைத் தொடாதே, விறகைத் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்காக நான் செய்ய மிஞ்சியிருந்தது இந்த ஒரு வேலைதான். அதையும் உன் டிராக்டர் பாதியில் பிடுங்கிக்கொள்ள, அவளே மண்வாரியோடு வந்து மிச்சத்தை அள்ளுவதை நான் ராஜா மாதிரி இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

நான் சும்மா இருக்கவில்லை. பழைய பெட்ரோலை வடித்துப் புதியதை ஊற்றினேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்து உறைகிறதோ என்று அதற்கான மருந்தையும் ஊற்றினேன். பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரில் பனி கட்டுகிறதோ என்று ரெஜானின் முடி உலர்த்தியைக் கொண்டுபோய்ச் சூடு காட்டினேன். அவள் ஈரத்தலையோடு தேடிக்கொண்டு கொட்டகைக்கு வந்து, கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதுக்கு முடிச்சப்புறம் எனக்கும் குடு" என்றாள். கொட்டகையில் பனி வாரியைச் சுற்றவிடாமல் நிறுத்தி ஓடவிட்டால் மணிக்கணக்காக ஓடும். வரப்பில் ஏறினால் போச்சு.

கடைசியில் எதிர்வீட்டு லியோனெலைக் கூப்பிட்டேன். அவன் உடம்பு உனக்கு நினைவிருக்கும், நம் சமையலறைக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைவான். அவன் ஏறி உட்கார்ந்தான். வரப்பின்மேல் ஏறினான், இறங்கினான், திரும்பி வந்தான். டிராக்டர் முனகக்கூட இல்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்லப்பா. அதுக்கு உன்னைத்தான் பிடிக்கல" என்றான்.

சமையல் ஏப்ரனுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ரெஜானும் வந்து ஏறினாள். அவளுக்கும் நிற்கவில்லை. பிறகு, "இப்ப நீ ஏறு, நான் பக்கத்துலயே நடந்து வர்றேன்" என்றாள். வரப்பில் முன்சக்கரம் ஏறியது, எஞ்சின் செத்தது. அவள் எஞ்சினைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபெர்னாண்ட், நீ சீட்டை விட்டு எழும்புற."

"நான் எங்க எழும்புறேன்? அது தூக்கிப் போடுது."

"லியோனெலைத் தூக்கிப் போடலையே."

லியோனெல் இருக்கையை நிமிர்த்திப் பார்த்தான். அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொத்தான். "முன்னால பனி வாரி சுத்துறப்போ இது அமுங்கியிருந்தாத்தான் எஞ்சின் ஓடும். ஆள் இறங்கிட்டா, கை கிய் மாட்டிக்கக் கூடாதுன்னு தானா அணைஞ்சிடும். வண்டி கணக்குல நீ ஆளே இல்ல ஃபெர்னாண்ட்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவன், ரெஜானின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். "ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிட்டா சரியாப் போயிடும்" என்று மெதுவாகச் சொன்னான்.

"வயரைத் தொட்டா உன் கையை உடைச்சிடுவேன். அது சரியாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் சமையலறைக்குப் போனபோது தொட்டியில் குழாய் திறந்திருந்தது, கழுவப் பாத்திரம் ஒன்றும் இல்லை. திரும்பாமலே பேசினாள்.

"தினமும் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உன் கால்சட்டை இடுப்பைப் பிடிச்சுத் தைச்சது நான். நீ இவ்வளவு இளைச்சது எனக்கு உறைக்கல பாரு, ஒரு மெஷினுக்கு உறைச்சிருக்கு."

ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு எதுவும் ருசிப்பதில்லை, காகிதத்தை மெல்வதுபோல இருக்கும். ஆனாலும், "பசிக்குது, ப்ளோய் சுட்டுக் குடேன்" என்றேன். சட்டியில் கோதுமைத் தோசை மாதிரி மஞ்சளாகப் பொத்தல் பொத்தலாக வெந்ததை வெண்ணெய் தடவிச் சுருட்டிக் கொடுத்தாள். முதலாவதைக் கேட்டது பொய்ப்பசிக்கு. மூன்றாவதை உண்மையாகவே கேட்டேன். அவள் மாவை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அவள்தான் டிராக்டர் ஓட்டுகிறாள். நான் பின்னால் நடந்துகொண்டு இடது, வலது என்று கத்துகிறேன், அவள் காதில் வாங்குவதில்லை. என்னை ஆளாக மதிக்காத வண்டி எனக்கு வேண்டாம். பனி உருகியதும் வந்து எடுத்துக்கொண்டு போ. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். கடவுள் உங்கள் எல்லோரையும் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

உன் அக்காள் புருஷன்,
ஃபெர்னாண்ட்

பின்குறிப்பு: இதை ஒட்டாமல் குளிர்பெட்டியின் மேல் வைத்து மறந்ததில் மார்ச் வந்துவிட்டது. நேற்றைய பனிக்கு ரெஜான் எழுமுன் நானே ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் அணையாமல் வரப்பைத் தாண்டியது. திரும்பி வந்து மறுபடி தாண்டிப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் லியோனெல் வீட்டுப் பாதை, அதற்கடுத்த வீடு, தேவாலய வாசல் எல்லாவற்றையும் அள்ளி முடித்துத் திரும்பும்போது நம் வாசலில் வந்து நின்றுபோனது. அந்த மௌனம் கேட்டு ரெஜான் பூட்ஸ் கயிறுகூடக் கட்டாமல் ஓடி வந்து, என் கோட்டுக்கு மேலாக விலாவைத் தடவிப் பார்த்தாள். நான் பெட்ரோல் தொட்டி மூடியைத் திறந்து காட்டினேன். "பெட்ரோல் தீர்ந்துபோச்சு" என்றேன். "பெட்ரோலா? வெறும் பெட்ரோல்தானா?" என்று கேட்டாள். உள்ளே வந்து காபி போடும்போதும் இரண்டு தடவை கேட்டாள். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வண்டியைத் தர மாட்டேன்.