நாலாவது மாடியில் ஒரு சுரங்கம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, நான் சுரங்க முதலாளி ஆவதென்று முடிவு செய்தேன்.

தங்கமோ நிலக்கரியோ இல்லை. அதற்கெல்லாம் நிலம் வேண்டும். எங்கள் வீடு நாலாவது மாடி. தோண்டினால் மூன்றாவது மாடிக்காரருடைய குளியலறைதான் வரும். நான் சொல்வது கம்ப்யூட்டரில் காயின் தோண்டுகிற சுரங்கம். அதற்கென்றே தனியாக மிஷின் இருக்கிறதாம். கரண்ட் கொடுத்து, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு ஏதோ ஒரு எண்ணை ஊகித்துக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்க இதே மாதிரி லட்சக்கணக்கான மிஷின்கள் போட்டி போட்டுக்கொண்டு ஊகிக்கின்றன. முதலில் சரியாகச் சொன்னவருக்குக் காயின். எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் விளக்கினார். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்ததைத் தொடங்கிவிடுவார் என்பதால் அவருக்கு ‘ஸ்பீடு’ என்று பெயர். அவரிடம் பழைய மிஷின் ஒன்று விலைக்கு வந்திருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஊரில் பாதிப் பேர் என் கையெழுத்தை நம்பித்தான் மேலே போனார்கள். ஓய்வு பெற்ற அன்றைக்கு எல்லோரும் கைகுலுக்கினார்கள், அவரவர் மாடிக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். வந்து பதினாலு மாதம் ஆகிறது.

என் மனைவி டயாலிசிஸ் பிரிவில் தலைமை நர்ஸ். சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்கிற இடம். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டுக் கேட்டுப் பழகி, தாலி கட்டின நானே ஒன்றிரண்டு தடவை வாய் தவறிக் கூப்பிட்டுத் தொலைத்திருக்கிறேன். காலை ஆறரைக்குப் போனால் மாலை ஐந்துக்கு வருவாள். நாள் முழுக்க நோயாளிகளோடு பேசி, டாக்டரோடு பேசி, மருந்துக் கம்பெனிக்காரனோடு சண்டை போட்டு, பேச்சையெல்லாம் செலவழித்துவிட்டு வருவாள். நானோ காலையிலிருந்து பேச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“இன்னிக்குத் தண்ணி லாரி பின்பக்கமா வந்துச்சு.”

“ம்.”

“டிரைவர் புதுசு.”

“ம்.”

இதுதான் எங்கள் மாலை உரையாடல். குறை சொல்லவில்லை. கால் வீங்கி வருகிறவளிடம் தண்ணீர் லாரி எந்தப் பக்கம் வந்தால் என்ன?

ஒரே மகள். வேறு ஊரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். “அப்பா, நல்லா இருக்கீங்களா, அம்மாகிட்ட குடுங்க” என்று ஒரே மூச்சில் சொல்வாள். நல்லா இருக்கேன் என்று நான் சொல்லும்போது போன் கைமாறியிருக்கும். பதிலை என் மனைவியின் முதுகுதான் கேட்கும்.

போன மாதம் பழைய ஃபிரிட்ஜை மாற்றினோம். புதியது சத்தமே போடாது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். உண்மைதான். அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், இத்தனை நாள் நான் யாரோடு இருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது.

இந்த நிலையில்தான் ஸ்பீடு என்னைத் தன் கடைக்குக் கூட்டிப்போய் மிஷினைக் காட்டினார். செருப்புப் பெட்டியை இரண்டு மடங்கு நீட்டினால் என்ன அளவோ அந்த அளவு. முன்னால் இரண்டு விசிறி, பின்னால் இரண்டு. சுவிட்சைப் போட்டார். விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து சூடான காற்று என் சட்டையைப் பறக்கவிட்டது. ஒரு சின்னப் பச்சை விளக்கு கண்சிமிட்டியது. ஸ்பீடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், ஒரு எழுத்தும் என் காதில் விழவில்லை. ஆனாலும் முக்கால் மணி நேரம் அங்கே நின்றேன்.

“சூட்டை அடிக்கடி பாக்கணும் சார். தூசி தட்டணும். விசிறி நின்னுபோனா உடனே ஆஃப் பண்ணணும். ஆளு பக்கத்துலயே இருக்கணும்” என்று வெளியே வந்த பிறகு சொன்னார். குறையைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். என் காதில் அது சம்பந்தம் பேசுகிற மாதிரி விழுந்தது.

வீட்டில் விஷயத்தைத் திறந்தேன். மனைவி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு மிஷின் வாங்கலாம்னு இருக்கேன்.”

“துணி துவைக்கிறதா?”

“நாணயம் தோண்டுறது.”

“உங்ககிட்ட நாணயம் இருக்குன்னு நம்பித்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டேன். இப்போ தோண்டித்தான் எடுக்கணுமா?”

“விளையாடாதே. அது கணக்குப் போட்டு காயின் கண்டுபிடிக்கும்.”

“கணக்குன்னா, வீட்டுக் கணக்கு எழுதுமா?”

“எழுதாது.”

“கடிதம் டைப் அடிக்குமா? படம் பாக்க முடியுமா?”

“முடியாது. அதுக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். வேற எதுக்கும் உதவாது.”

“நாள் முழுக்க ஒரே இடத்துல உக்காந்து, உதவாத ஒண்ணை ஊகிச்சிக்கிட்டு, கரண்டைத் தின்னும்.”

“ஆமாம்.”

“அப்படி ஒண்ணு ஏற்கெனவே இருக்கேங்க வீட்டுல.”

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கோபத்தில் போனதாக அவள் நினைக்கட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் பாத்திரத்தில் தண்ணீர் அலம்புகிற சத்தம்.

“ரொம்பத் தோண்டித் துருவாதே. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு” என்றேன்.

“தோண்டணும்னு சொன்னது நீங்கதான். சரி, ஞாயித்துக்கிழமை மிஷினை இங்க கொண்டுவரச் சொல்லுங்க. ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்.”

அவள் மறுத்திருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. நாலு பதில் எழுதியே வைத்திருந்தேன். சம்மதிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பது வருஷ அனுபவத்தில் அவள் சுலபமாகச் சம்மதித்த எதிலும் நான் ஜெயித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பீடு மிஷினைத் தோளில் சுமந்து வந்தார். மகளின் அறையில் மேஜையைக் காலி செய்து வைத்தோம். சுவிட்ச் போட்டதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சுவரில் மகள் ஒட்டியிருந்த பழைய டைம்டேபிள் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது. ஐந்தாவது நிமிஷம் அறை அடுப்பங்கரை ஆகிவிட்டது. ஏழாவது நிமிஷம் மூன்றாவது மாடிக்காரர் வந்து, மாவு மில் ஏதாவது தொடங்குகிறோமா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

என் மனைவி மிஷினைப் பார்க்கவேயில்லை. ஸ்பீடைத்தான் பார்த்தாள். குடிக்கக் கூடாத தண்ணீரை நோயாளி குடித்தானா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற பார்வை. பிறகு மிஷினை நிறுத்தச் சொன்னாள்.

“இது எத்தனை வருஷம் ஓடுச்சு?”

“ரெண்டு வருஷம், நல்லா ஓடுச்சு சிஸ்டர், இன்னும் கூட...”

“அப்புறம் ஏன் விக்கிறீங்க?”

ஸ்பீடு வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

“புது மிஷின் வந்துட்டே இருக்கு சிஸ்டர். அதுங்களோட இது போட்டி போட முடியலை. கிடைக்கிற காயினை விட கரண்ட் பில் அதிகமா வருது.”

“இதை அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன் சிஸ்டர். கடையில வச்சே சொன்னேன். மிஷின் ஓடிட்டு இருந்துச்சு.”

அவர் பொய் சொல்லவில்லை. முக்கால் மணி நேரமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். வெளியே வந்த பிறகும் அவர் சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். இருவருமே வாய் திறக்கவில்லை.

மனைவி என் பக்கம் திரும்பினாள். “நஷ்டம்னு தெரிஞ்சாச்சு. இப்போவும் வேணுமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“காயின் வராட்டியும் பரவாயில்லை” என்றேன். “சத்தம் போடுதுல்ல.”

ஸ்பீடு ஒயரைச் சுற்றத் தொடங்கினார். தேவைக்கு மேல் கவனமாகச் சுற்றினார். பிறகு மிஷினைத் தூக்கிக்கொண்டு, கடையைத் திறந்தே போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கடை கிடையாது.

மனைவி மகளின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா?” என்று கேட்டாள். வலி எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரல்.

“ஃபிரிட்ஜ் மாத்தினதுலேர்ந்து” என்றேன். கொஞ்சம் யோசித்து, “அதுக்கு முன்னாடியும்தான்” என்றேன்.

“சொல்லியிருக்கலாமே.”

“நீ களைச்சுப்போய் வரே.”

அந்த அறையில் இன்னும் சூடு இருந்தது. இருவரும் அது ஆறுகிறவரை உட்கார்ந்திருந்தோம் என்று நினைக்கிறேன். பிறகு அவள் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:

“மிஷின்தானே வேணும்? நாளைக்கு என்கூட வாங்க. எங்க ஆஸ்பத்திரியில இருக்கு. சத்தம் போடும், விளக்கு எரியும், பக்கத்துல ஆளு இருந்தே ஆகணும். பைசா செலவு கிடையாது.”

கழித்துக்கட்டிய மிஷின் எதையோ மலிவாகத் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அளவு எடுக்க டேப் கூட எடுத்துப்போனேன்.

பன்னிரண்டு கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளுயர மிஷின். அதில் குழாய் வழியே ரத்தம் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு மிஷின் பீப் பீப் என்று கூப்பிட்டு நிறுத்தினால் இன்னொன்று கூப்பிடும். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு ஆள், கையை அசைக்காமல் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். பாதிப் பேருக்குக் கூட வந்தவர்கள் யாருமில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கூரையை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

மனைவி என்னை ஏழாம் எண் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தாள். “இவர் தையல்காரர். பஸ்ல தனியா வந்துட்டுப் போறவர்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பதினாலு மாதம் சேர்த்து வைத்தது எங்கே போனதென்று தெரியவில்லை. கடைசியில், “இன்னிக்குக் காலையில எங்க தெருவுல தண்ணி லாரி பின்பக்கமா வந்துச்சு” என்றேன்.

தையல்காரர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

“ஏன், முன்பக்கம் என்ன ஆச்சு?”

அவ்வளவுதான். மதியம் ஒரு மணிக்கு நான் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவளுடைய ரவிக்கைக்கு எத்தனை கொக்கி இருந்திருக்கும் என்று தையல்காரர் விளக்கம் கேட்டார். மூன்றாம் கட்டில் கணக்கு டீச்சர், கதையில் ஒரு மாடி உதைக்கிறது என்று திருத்தம் சொன்னார். ஒன்பதாம் கட்டில் அம்மாள் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரை நான் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் கிளம்பும்போது, “பொண்ணு அப்புறம் கல்யாணத்துக்குப் போனாளா இல்லையா?” என்று சுவரிடம் கேட்டார். புதன்கிழமை சொல்கிறேன் என்றேன்.

இதை நானே எடுத்த முடிவாக அறிவிக்க வேண்டும் என்று தோன்றியது. மனைவியின் அறைக்குப் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“நல்லா யோசிச்சுப் பாத்தேன். வாரத்துக்கு மூணு நாள் இங்க வரலாம்னு இருக்கேன். நீ தடுக்கக் கூடாது.”

“உங்க இஷ்டம்” என்றாள் தலை நிமிராமல். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அடையாள அட்டை. அதில், வங்கிக்கு வேண்டும் என்று அவள் வாங்கிப்போன என் போட்டோ. ‘தன்னார்வ உதவியாளர்’ என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே மேலதிகாரி என்ற இடத்தில் அவள் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே, நான் அந்த மிஷினைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு ஏழு வாரம் முந்தைய தேதி.