தினமும் ஒப்புக்கொடுத்துத் திருப்பி வாங்குகிறவன்

கர்த்தருக்குள் பிரியமான அக்கா அவர்களுக்கு,

லிஃப்ட் மெக்கானிக்காகிய உன் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். 'மூன்று பேரும்' என்பது எழுதுகிற பழக்கத்தில் வந்துவிட்டது. உன் தம்பி பொண்டாட்டியும் மகளும்தான் சுகம். எனக்குப் பத்து நாளாகச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நம்ம பிள்ளை கதவருகே வந்து நின்று, "அப்பா, நான் சர்ச்சுக்கு வரலை. இனிமே வருவேனான்னும் தெரியலை. அங்க போனா நடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பதினேழு வயசு! நான் வாயைப் பிளந்து நின்றதில் சட்டையில் பெட்டி அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. உடனே உனக்குப் போன் போட்டேன். குடும்ப ஜெபத்தை விடாதே, ஆண்டவர் உன்னை எப்படி மாற்றினார் என்று உன் சாட்சியைச் சொல்லு, அன்பாகப் பேசு என்றாய். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தினவள் சொன்னால் தப்பாகுமா என்று நம்பி இறங்கினேன் அக்கா, அங்கேதான் வந்தது வினை.

அன்று சாயங்காலமே ஜெபத்தில் உட்கார்ந்தோம். 'தேவரீர்' என்று ஆரம்பித்தாலே எனக்குக் குரல் மாறிவிடும், உனக்குத் தெரியும், அது நம்ம அப்பாவின் குரல். இருபது நிமிஷம் போனது. கடைசியில், "என் மகளை உமது கரத்தில் முற்றிலுமாய் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று முடித்தேன். பிள்ளை கண்ணைத் திறந்து, "அப்பா, லிஃப்ட் ரிப்பேர் முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "சாவியைக் குடுத்து, கையெழுத்து வாங்கி ஒப்படைச்சிடுவேன்." "அப்புறம்?" "அப்புறம் என்ன, வீட்டுக்கு வந்திடுவேன்." "என்னை மட்டும் ஏன் தினமும் சாயங்காலம் ஒப்புக்கொடுத்துட்டு, காலையில திருப்பி வாங்கிக்கிறீங்க? பஸ் ஏறினியா, இறங்கினியா, யாரோட பேசுறேன்னு ஒரு நாளைக்குப் பதினாலு போன்! வாங்கிக்கிட்டவர் மேல நம்பிக்கை இல்லையா?" எனக்குச் சுருக்கென்றது. உன் தம்பி பொண்டாட்டி சிரிப்பை அடக்கச் சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

சரி, சாட்சி சொல்லலாம் என்றால் நமக்கு ஏது சாட்சி? பிறந்ததிலிருந்து சர்ச்சில் மூன்றாம் வரிசை பெஞ்சு. நீ அடிப்பாய் என்ற பயத்தில் ஒரு பீடிகூடத் தொட்டதில்லை. சாட்சி என்றால் முதல் பாதியில் கொஞ்சமாவது கெட்டுப்போயிருக்க வேண்டாமா? அதனால் ருசிக்கு உப்புப் போடுகிற மாதிரி, கல்யாணத்துக்கு முந்தி ஒரு வருஷம் குடித்தேன், ஆண்டவர் தூக்கியெடுத்தார் என்று சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான், "எங்கப்பாகிட்ட மறைச்சா கட்டிக்கிட்டீங்க?" என்று பக்கத்திலிருந்த உன் தம்பி பொண்டாட்டியிடமிருந்து இடி விழுந்தது. ஐயோ, அது சும்மா சொன்னதுடி என்று ஒத்துக்கொண்டேன். பிள்ளை, "இது சாட்சி இல்லப்பா, பொய்ச்சாட்சி" என்று எழுந்து போய்விட்டாள். குடித்தேன் என்றது பொய்யா, குடிக்கவில்லை என்றது பொய்யா என்று புரியாமல் உன் தம்பி பொண்டாட்டி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

மிச்சம் இருந்தது அன்பு. முகத்தைப் பார்த்துப் பேச வராததால் போனில் பேசிப் பதிவு செய்தேன். "மகளே, நீ ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறே. பயப்படாதே, கதவைத் திற, அப்பா வெளியிலதான் இருக்கேன்." அது பிள்ளைக்குப் போகாமல் ஆபீஸ் குரூப்புக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, "எந்த பில்டிங்யா? உள்ள எத்தனை பேர்?" என்கிறார். அதற்குள் ஆளை மீட்க ஒரு வண்டி கிளம்பிவிட்டது.

இதெல்லாம் போகட்டும், நேற்று நடந்ததுதான் என்னை உடைத்துவிட்டது. ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றில் ஒரு பல் டாக்டர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். நான் மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லிப் பிள்ளைக்குப் போன் செய்துவிட்டு, கட்டிடத்துக்குள் போய்க் கதவு இடுக்கில் பார்த்தால், அந்த ஆஜானுபாகுவான மனுஷன் குழந்தை மாதிரி அழுகிறார். மேலே மோட்டார் அறையில் என் கூட்டாளி வேலை செய்து முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை தரையில் குப்புறப் படுத்துக் கதவு இடுக்கில் வாயை வைத்து, "டாக்டர், நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன். மூச்சை மெதுவா விடுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு, பரவாயில்லை, ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் படியில் பிள்ளை, கையில் கண்ணாடியோடு. எப்போது வந்தாளோ! அந்த டாக்டரிடம் ஆண்டவர் பேரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை அக்கா. வீட்டில் இருபது நிமிஷம் ஜெபம், வெளியில் ஒரு வார்த்தை இல்லை, இவரும் நடிக்கிறவர்தான் என்று நினைத்திருப்பாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளையை இழந்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. நீ உடனே அடுத்த ரயிலில் வந்து இவளிடம் பேசிச் சரிசெய்.

ஆண்டவர் உன் வீட்டையும், அத்தானின் சர்க்கரையையும், உன் முழங்காலையும் தம் காவலில் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
ஜெபித்தே களைத்த உன் தம்பி

பி.கு.: அக்கா, வரவேண்டாம். டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கடிதத்தை உறைக்குள் போடுகிற நேரத்தில் பிள்ளை வந்து, "இன்னிக்கு நான் ஜெபம் பண்ணட்டுமாப்பா?" என்றாள். உட்கார்ந்தோம். நம்மோடு பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "ஆண்டவரே, அந்த டாக்டர் மறுபடி லிஃப்ட்ல ஏறும்போது அப்பா மாதிரி பக்கத்துலயே இருங்க. எங்கப்பாவுக்கு ரொம்ப பயம். அவரை உங்ககிட்ட ஒப்புக்கொடுக்கிறேன். திருப்பிக் கேக்கமாட்டேன்." ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். இருபது நிமிஷம் ஜெபிக்கிற எனக்கு ஒரு 'ஆமென்' சொல்லக் குரல் வரவில்லை. மூன்று நாளாகப் பேசாத உன் தம்பி பொண்டாட்டிதான் சொன்னாள்.