கேப்டனின் இன்னொரு கிட்னி

இந்தப் பூமியில் யாருக்கு வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடலாம், வார்டு சிஸ்டருக்கு மட்டும் முடியாது. பிற கிரகங்களுக்கும் இது பொருந்தும்.

மைசூர் விஜயநகரில் சிஸ்டர் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷம் வார்டைக் கட்டி மேய்த்து ரிடையர் ஆனவர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். நான் இந்தப் பத்திரிகையில் வரும் 'நீலக்கலம்' என்ற விண்வெளித் தொடருக்குக் கிளைக்கதை எழுதுகிறவன். மூலக்கதையைச் சென்னையில் ஒரு பெரியவர் இருபது வருஷத்துக்கு மேலாக எழுதி வருகிறார். அவருடைய கேப்டன் இளவேந்தனை வாராவாரம் இரவல் வாங்கி, ஏதாவது ஒரு கிரகத்தில் இறக்கிவிட்டு, சேதாரமில்லாமல் திருப்பிக் கொடுப்பது என் பிழைப்பு.

சிஸ்டர் இரண்டையும் படிப்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆஸ்பத்திரி வழக்கப்படி கேஸ் ஷீட் வைத்திருந்தார். ரத்த குரூப், பட்ட காயம், ஒத்துக்கொள்ளாத மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். கலத்தின் என்ஜினியருக்கு மூன்று கண். மூன்றுக்கும் தனித்தனியாகப் பவர் குறித்திருந்தார்.

வியாழக்கிழமை பத்திரிகை வரும். காலை எட்டு மணிக்கு, கன்னடம் கலந்த தமிழில், சிஸ்டரின் போன் வரும்.

"ஏனு சார் இது? கேப்டன் ஓ குரூப். நீங்க பி குரூப் ரத்தம் ஏத்திட்டீங்க. கொலை கேஸ் சார் இது!"

"அது வேற பிரபஞ்சம் சிஸ்டர்."

"எந்தப் பிரபஞ்சமா இருந்தா என்ன சார், ஆளுக்கு ஒரு கேஸ் ஷீட்தான்."

இதோடு விட்டால் பரவாயில்லை. வார்டில் தப்பு நடந்தால் மேலே ரிப்போர்ட் போக வேண்டுமாம். அந்தப் பழக்கத்தில் ஆசிரியருக்கும் எழுதிப் போட்டுவிடுவார். ஆசிரியர் ஒருநாள் கூப்பிட்டார். "இன்னும் ஒரு புகார் வந்துதுன்னா கிளைக்கதையை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன் சார். தப்பா நினைச்சுக்காதீங்க." எனக்கு வேறு வேலை தெரியாது.

எனக்கோ அந்த வருஷம் பூராவும் அசதி. ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் காலியாகும், கண் சொக்கும். இருபது வருஷக் கதையைத் தலையில் சுமந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று பழியைக் கேப்டன் மேல் போட்டேன்.

அந்த அசதியில்தான் அது நடந்தது. மூலக்கதையில் கேப்டனின் ஒரு கிட்னியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். நானோ அவரை எதிரி ராஜாவுக்குப் பெருந்தன்மையாக ஒரு கிட்னி தானம் செய்ய வைத்துவிட்டேன். பத்திரிகை கடைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டு மணிக்கு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலிங் பெல் அடித்தது.

வாசலில் சிஸ்டர், கையில் ஃபைலோடு.

"ஆசிரியருக்கு எழுதிட்டீங்களா சிஸ்டர்?"

"இல்ல. இது கேப்டன் ஷீட் இல்ல சார். உங்களோடது."

பிரித்துக் காட்டினார். என் தப்புகளை, வார்டில் ஜுரம் குறிப்பதுபோல, கிராஃப் போட்டிருந்தார். கோடு ஏறிக்கொண்டே போனது.

"முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு தப்பு. இப்ப வாரத்துக்கு மூணு. போன்ல பேசறப்பவே ரெண்டு தடவை தண்ணி குடிக்கறீங்க. பேகா, சீக்கிரம் கிளம்புங்க, டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வரலாம்."

ஆட்டோ பிடித்து லேபுக்கு இழுத்துப் போனார். சர்க்கரை முந்நூற்று எழுபது.

"இத வச்சுக்கிட்டா சார் கிரகம் கிரகமா சுத்துனீங்க?" என்றார்.

கிட்னி விஷயம் ஆசிரியருக்குப் போகவே இல்லை. முப்பது வருஷப் பழக்கத்தை எனக்காக ஒருமுறை மீறினார். மறு வாரம் கேப்டனும் கிட்னி தானம் செய்த கனவிலிருந்து விழித்துக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது. தப்பு குறைந்தது, போனும் குறைந்தது. சிஸ்டர் இப்போது ஹனூர் பக்கம் கௌதள்ளியில் தங்கை வீட்டோடு போய்விட்டார். வியாழக்கிழமைக் காலை எனக்கு என்னமோபோல் இருந்தது. போன வாரம் வேண்டுமென்றே என்ஜினியரின் ஒரு கண்ணைக் குறைத்து எழுதினேன். சரியாக எட்டு மணிக்கு போன் அடித்தது.

"ஏன் சார், மாத்திரை போடறதில்லையா?"

"போடறேன் சிஸ்டர்," என்றேன். உங்கள் குரலைக் கேட்கத்தான் அந்தத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். வியாழக்கிழமை படிப்பார்.