தன்னைத்தானே குத்திக்கொண்ட பல்லு மாமா

நோயாளியைக் குத்துவதற்கு முன்னால் தன்னைக் குத்திக்கொண்ட வைத்தியர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் பல்லு மாமா. உண்மையைச் சொன்னால் அவர் வைத்தியரும் இல்லை. நானுஓயாவில், முஸ்லிம் நானா ஒருவரின் கடைப் பின் அறையில் பல் பிடுங்குவார். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அரைநாள் சம்பளம் போய்விடும் என்று தேயிலைத் தோட்டமே அவரிடம்தான் வாயைத் திறந்தது.

பிடுங்குவதற்கு முன் ஈறு மரத்துப்போக ஓர் ஊசி. அதைக் கண்டதும் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா கடையே அதிர அலறுவார்.

"பாரு புள்ள, மொதல்ல மாமா குத்திக்கிறேன். வலிக்கவே இல்ல!"

தன் விரலில் ஒரு குத்து. பிறகு ஊசியை மட்டும் மாற்றி, அதே சிரிஞ்சில், அதே போத்தல் மருந்தை இழுத்து, அக்காவின் ஈறில் ஒரு குத்து.

"சிரிஞ்ச மாத்தலையா மாமா?" என்றேன்.

"ஊசிதான்டா உள்ள போகுது, சிரிஞ்சா போகுது?"

அந்த விரல் எப்போதும் மரத்தே கிடக்கும். ஒருநாள் அது கொதிக்கிற தேத்தண்ணிக்குள் கிடந்தது.

"மாமா, வெரலு வேகுது!"

"அப்புடியா? நல்லாத்தான் கொதிச்சிருக்கு."

போன வருசம் மாமாவின் கண் மஞ்சளானது. திருவிழாவுக்கு மஞ்சள் பூசினீங்களா என்று கேலி செய்தேன். ரத்தத்தைச் சோதித்தால் ஈரலில் வைரஸ். விசாரிக்க வந்த சுகாதார ஐயா போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஊசிய மாத்துனா பத்தாதுங்க. ஒருத்தர் ரத்தம் சிரிஞ்சு வழியா இந்த போத்தலுக்குள்ள போனா, அடுத்தவங்களுக்கும் கிருமி போகும். ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க."

மாமா மறுநாள் விடிந்ததும், வீங்கிய வயிற்றோடு மலையேறி, காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற எல்லார் முன்னாலும் வந்து நின்றார்.

"என்கிட்ட பல்லு புடுங்குனவங்க எல்லாம் போயி ரத்தம் பாத்துருங்க. நான்தான் ஒங்களுக்கு நோயக் குடுத்திருப்பேன்."

"பல்லு பத்தாதுன்னு இப்ப ரத்தமும் வேணுமா மாமா?" என்றார் செல்லம்மா அக்கா. பெரட்டே சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "ஒங்க கால்ல விழுறேன், போங்கம்மா."

போனோம். எனக்கு ஒன்றும் இல்லை. அக்காவுக்கு இருந்தது. நேரத்தோடு மருந்து கிடைத்ததால் இப்போது மறுபடி கொழுந்து எடுக்கிறார். மாமாவின் ஈரலுக்குத்தான் நேரம் கடந்துவிட்டது. கடைசியாகப் பார்க்கப் போனபோதும், "செல்லம்மா மருந்து ஒழுங்கா குடிக்கிதாடா?" என்றுதான் கேட்டார்.

அவர் செய்தது தப்புதான். ஒரு வாரமாக எனக்குக் கடைவாய்ப் பல் வலி. டாக்டரிடம் போகச் சொல்லி வீட்டில் திட்டுகிறார்கள். கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமா போன பிறகு இன்னொருவர் முன்னால் வாயைத் திறக்க மனசு வரவில்லை.