வேடியப்பன் செத்த வாரம்

சோழவரம் கார் ரேஸ் பார்க்கப் போவதற்காக ஒரு ஆளைச் சாகடித்தேன். ஆள் செத்தான். நான் போகவில்லை. நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் விவரம்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். காலமெல்லாம் விசில் ஊதி ஊரையே வெளியூர் அனுப்பினேன். நான் போனது வேலூர் வரை. சினிமா பிடிக்காது. கதாநாயகன் ஜெயிப்பான் என்பது டிக்கெட் கிழிக்கிறவனுக்கே தெரியும். அதற்கு மூன்று மணி நேரம். ரேஸ் அப்படியில்லை. யார் ஜெயிப்பான் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. பயணம் என்றால் வேகம். மற்றதெல்லாம் வழியில் டீ குடிப்பது.

பே கோபுரத் தெருவில் மெக்கானிக் ஷாப் வைத்திருந்த ஜானி பாஷா வருஷா வருஷம் தன் பழைய அம்பாசிடரில் ரேசுக்குப் போவார். எழுபத்தொன்பதில் என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு ஞாயித்துக்கிழமை நடக்குது அண்ணே. மொத ஞாயிறே போயிடலாம். பின் சீட்டுல எடம் இருக்கு."

அந்த முதல் ஞாயிறு தைப் பௌர்ணமி. என் மனைவியின் பிறந்த வீடு மொத்தமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும். சாப்பிடும். மலை சுற்றும். கூடவே நானும் செருப்பில்லாமல் சுற்ற வேண்டும். என் மைத்துனன் பலராமன் நடக்கிற வேகத்தில் ஆமை முந்திவிடும். முந்தவும் கூடாது என்பாள் என் மனைவி. மலையை மெள்ளத்தான் சுற்ற வேண்டுமாம்.

தப்பிக்க ஒரே வழி, சாவு. புதன்கிழமை காலையில் சொன்னேன்.

"பெரம்பூர்ல வேடியப்பன் செத்துட்டான். ஞாயித்துக்கிழமை துக்கம் கேட்டுட்டு வந்துடறேன்."

அப்படி ஒருவன் கிடையாது. அன்று காலைதான் பிறந்தான். அப்போதே செத்தான்.

"யாருங்க அது? பேரே கேள்விப்பட்டதில்லயே."

"நீ கேள்விப்படாததுக்கு அவன் என்ன பண்ணுவான்."

"என்ன முறை?"

இங்கேதான் தப்பு செய்தேன். சிநேகிதன் என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று, "பங்காளி" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"பங்காளின்னா தீட்டாச்சே. போய்த் தலைக்கு ஊத்திக்குங்க."

"தூரத்துப் பங்காளிதான்."

"பெரம்பூர் தூரம். பங்காளி பங்காளிதான்."

பச்சைத் தண்ணீரில் குளித்தேன். வெளியே வருவதற்குள் கீழ்பென்னாத்தூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். இந்தப் பௌர்ணமிக்கு யாரும் வர வேண்டாம், கருமாதி வரைக்கும் வீட்டில் தீட்டு. எனக்குச் சந்தோஷம். மைத்துனனும் ஒழிந்தான், மலையும் ஒழிந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பறேன்."

"பௌர்ணமி அன்னிக்குத் துக்க வீட்டுக்கு எவனாவது போவானா? நேரா கருமாதிக்குப் போங்க."

"அது வந்து..."

"முருகையன் வந்திருக்கார். வாசல்ல உக்காருங்க."

முருகையன் சவரக்காரர். பங்காளி செத்தால் மீசை எடுப்பது எங்கள் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் வைத்த மீசை. டிரைவர்களே பயந்த மீசை. மாட்டேன் என்றால் வேடியப்பன் பிழைத்துவிடுவான்.

"ரொம்ப நெருக்கமா, சார்?" என்றார் முருகையன்.

"பேசாம எடு."

சனிக்கிழமை சாயங்காலம் ஜானி பாஷா வந்தார். என் முகத்தைப் பார்த்தார். யாரையோ விசாரிக்க வந்தவர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணன்தான் பாய் அது," என்றாள் என் மனைவி. "தீட்டுல இருக்கார். நாளைக்கு எங்கயும் வரமாட்டார்."

ஜானி பாஷாவோடு போகிற பேச்சை நான் அவளிடம் எடுத்ததே இல்லை.

"அப்ப பின் சீட்டு காலிதானே பாய்?"

"காலிதான் அண்ணி. எங்க வீட்டுக்காரி ஜஹானாரா வரேங்கறா. பொம்பளைத் துணை இல்லன்னுதான் யோசிக்கிறா."

"நான் வரேன்."

நான் குறுக்கிட்டேன். "உனக்கும்தானே தீட்டு?"

"தீட்டுன்னா கோயிலுக்குப் போகக்கூடாது. சோழவரம் என்ன கோயிலா?"

"தெருவுல கேட்டா?"

"பெரம்பூர் போறேன்னு சொல்றேன்."

"பௌர்ணமி அன்னிக்குப் போகக்கூடாதுன்னியே."

"உள்ள போகக்கூடாது. தெருவோட பாத்துட்டு வரலாம். வேடியப்பன் வீட்டு விலாசம் சொல்லுங்க."

"மறந்துட்டேன்."

"பரவால்ல. சோழவரத்துல விசாரிச்சுக்கறேன்."

போனாள். புளியோதரை கட்டிக்கொண்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். ஊரே மலை சுற்றியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"சத்தம் ஜாஸ்தி. நெழல் கம்மி."

"ரேஸைக் கேட்டேன்."

"அவ்ளோ வேகமாப் போயி, பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கறாங்க. நாம மலை சுத்தறதும் அதேதான். நடுவுல மோட்டார் பைக் ரேஸும் விட்டாங்க, அதுல ஒண்ணு கவுந்துச்சு. ஓட்டினவன் எழுந்து தட்டிவிட்டுக்கிட்டு மறுபடி ஏறினான். ஜஹானாரா அழுதுட்டா. நான் எழுந்து நின்னு கைதட்டினேன்."

கைதட்ட வேண்டியவன் நான். ஆனால் இன்னும் ஒரு ஞாயிறு இருந்தது.

அதற்குள் எதிர்வீட்டுத் தங்கம்மாள் துக்கம் கேட்க வந்துவிட்டாள்.

"பாவம், எத்தினி புள்ளைங்க அவருக்கு?"

"ரெண்டு."

சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "மூணுன்னு நேத்து சொன்னீங்களே."

"மூணுதான். ஒண்ணைத் தத்து குடுத்துட்டான்."

தினமும் ஒருத்தர் வந்தார். வேடியப்பனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வியாதி கொடுத்தேன். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தேன். வெள்ளிக்கிழமை தாங்கவில்லை.

"வேடியப்பன்னு யாரும் இல்ல," என்றேன்.

"தெரியும்."

"ஜானி பாஷா சொன்னானா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? புதன்கிழமை செத்த பங்காளிக்கு ஞாயித்துக்கிழமை போறேன்னு நீங்கதானே சொன்னீங்க. நெசமா செத்திருந்தா கட்டின வேட்டியோட ஓடியிருப்பீங்க. ஞாயித்துக்கிழமை பாய் எங்க போறார்னு ஜஹானாராவைக் கேட்டேன். அவ்ளோதான்."

"அப்ப என் மீசை?"

"வளரும்."

குரலைத் தணித்துக்கொண்டேன். "இந்த ஞாயிறும் ரேஸ் இருக்கு. தீட்டு இல்லன்னு நீயே தெருவுல சொல்லிடு. நான் சொன்னா நம்பமாட்டாங்க."

"சொல்லிடறேன்."

சொன்னாள். செத்தது எங்கள் பங்காளி இல்லையாம், அதே பேரில் வேறு ஆளாம். தங்கம்மாள் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினாள். சனிக்கிழமை என் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மூட்டையும் முடிச்சுமாக என் மைத்துனன் பலராமன். அவனுக்குப் பின்னால் கீழ்பென்னாத்தூரில் பாதி.

"தீட்டு இல்லைன்னு அக்கா சொல்லி அனுப்பிச்சு மாமா. போன வாரம் விட்டுப்போச்சே. நாளைக்கு சுத்திடலாம்."

ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலை தாண்டும்போது என் காலில் முள் குத்தியது. மைத்துனன் நின்றான். எல்லோரும் நின்றார்கள். அந்த நேரம் சோழவரத்தில் கடைசிப் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்.

வேடியப்பனைச் சாகடித்தது நான். பிழைக்க வைத்து, எல்லாவற்றையும் சரி செய்தவள் என் மனைவி, காசியம்மாள்.