என் கணக்கில் ஹனீஃபா பாய் நடந்த நடை

கீழ அடையவளஞ்சான் தெரு,
திருவரங்கம்.
ஞாயிறு காலை.

மாவட்டத்து இருதயங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் அடுக்கி வைத்து ஆராயும் அன்பு மருமகள் வைஷ்ணவிக்கு, தாய்மாமன் முருகானந்தம் ஆசி கூறி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ‘அனைவரும்’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. போனில் சொன்னால் பாதியில் கத்துவாய். கடிதத்துக்குள் கத்த முடியாது. உன் அத்தை இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

அறுபது தாண்டியவர்கள் தினமும் எவ்வளவு நடக்கிறார்கள், அவர்கள் இருதயம் எப்படித் துடிக்கிறது என்று உங்கள் பல்கலைக்கழகம் பத்து நாள் பார்க்கப்போவதாகவும், நம் தெருவில் முதல் பெயராக என்னைக் கொடுத்திருப்பதாகவும் நீ சொன்னபோது என் மார்பு ராஜகோபுரத்தை இடித்தது. உங்கள் களப்பணியாளர் செல்வமேரி வந்து என் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிவிட்டுப் போனாள். முதல் நாள் முடிவில் பார்த்தால் எண்ணூற்று நாற்பது காலடி. அதிலும் இருநூறு, விசிறிக்கொண்டதில் விழுந்தது. மருமகளின் ஆராய்ச்சியில் மாமன் எண்ணூற்று நாற்பதா? குடும்பத்தை நினைத்தேன். ஹனீஃபா பாயிடம் போனேன்.

பெரிய கடை வீதியில் அத்தர் கடை வைத்திருக்கிறாரே, உன் கல்யாணப் பந்தலை மூன்று நாள் மணக்க வைத்தவர், அவரேதான். விடிந்ததும் காவேரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம் வரை நடந்து வந்து, என்னோடு ஒரு டீ குடித்துவிட்டு நடந்தே திரும்புகிறவர். அவர் தேய்த்த தேய்ப்பில்தான் பாலத்தையே பழுது பார்க்க வேண்டியதாயிற்று என்பது என் கட்சி. “பாய், மருமக படிப்புக்காக இத ஒரு பத்து நாள் கட்டிக்கங்க” என்றேன். “நடக்க வேண்டியது நீங்க, கட்டிக்க வேண்டியது நானா? நாளைக்கு உங்க மாத்திரையையும் நானே முழுங்கணுமாங்க?” என்றார். சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

நடுவில் ஒரு தரம் செல்வமேரி பார்க்க வந்தாள். அதற்காகப் பட்டையை வாங்கி என் கையில் மாட்டிக்கொண்டு, ஒலிம்பிக்கிலிருந்து நேராக வந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். “அய்யா, ஒரு நாளைக்குப் பதினாலாயிரம்! உங்க வயசுல யாருமே இல்ல. அடுத்து பச்சைமலையில நடத்தற மருத்துவ முகாமுல உங்க போட்டோவத்தான் பெருசா வைக்கப்போறோம்” என்றாள். நான் அடக்கமாகக் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேன்.

பத்து நாள் முடிந்து பட்டையைத் திருப்பி வாங்கிப் போனவள் நேற்று போன் செய்தாள். “அய்யா, முதல்ல உட்காருங்க. ஒரு நாள் மத்தியானம் ரெண்டரைக்கு உங்க நாடி தாறுமாறா ஓடியிருக்கு. நடக்கவே இல்ல, சும்மா இருக்கறப்பவே நூத்தி அறுபது. டாக்டர் பாத்துட்டு உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிட்டாங்க.” நான் உட்காரவில்லை, ஓடினேன். முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து, ஒரு நிமிஷம் பிந்திய டிரைவரைக்கூடத் தேதி கேட்டு, மணி கேட்டுக் குடைந்தவன் நான். எந்த நாள் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் ஓடினேன் என்றால் பார்த்துக்கொள்.

கடையில் பாய் புரோட்டாவைச் சால்னாவில் முக்கிக்கொண்டிருந்தார். தட்டைப் பிடுங்கினேன்.

“டைம்கீப்பரே, பசிச்சா கேட்டு வாங்கித் தின்னுங்க. இதென்ன பிடுங்கறது?”

“பாய், உங்களுக்கு மூச்சு கீச்சு வாங்குதா?”

“உங்களுக்குத்தாங்க வாங்குது. உட்காருங்க, தண்ணியக் குடிங்க.”

உண்மைதான். எனக்கு வேர்த்து ஊற்றிற்று. நெஞ்சின் மேல் அரிசி மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. நட்பு என்றால் அப்படித்தான். விஷயத்தைச் சொல்ல வாய் வராமல், புரோட்டாவை மட்டும் பறிமுதல் செய்துகொண்டு திரும்பினேன்.

ஆகவே அம்மா வைஷ்ணவி, உங்கள் பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடு. என் போட்டோ மலையேற வேண்டாம். என் பத்து நாளையும் குப்பையில் போடு. பாய்க்கு, பாயின் பெயரிலேயே, இன்றைக்கே இ.சி.ஜி. எடுக்க ஏற்பாடு செய். என் மானம் காவேரியோடு போகட்டும். அந்த மனுஷன் நாளைக்கும் பாலம் தாண்டி டீக்கு வரவேண்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ரங்கநாதர் சகல சௌபாக்கியமும் தரட்டும். ஆராய்ச்சிக்கென்று எடுத்து உங்கள் துறையின் குளிர்பெட்டியில் உறங்கும் இரண்டாயிரம் பேரின் ரத்தத்தையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
ஓர் அடிகூட நடக்காத மாமன்,
முருகானந்தம்

பி.கு.: டீக்கு நான் வரவில்லை என்று பாயே வீடு தேடி வந்துவிட்டார். வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் கடிதத்தையே அவர் கையில் கொடுத்தேன். படித்தார். “எந்த நாளுன்னு கேட்டீங்களா?” என்றார். அவரே செல்வமேரிக்குப் போன் போட்டார். புதன்கிழமையாம். “புதன்கிழமை அந்தப் பொண்ணு பாக்க வருதுன்னு செவ்வாய் சாயங்காலமே கழட்டி வாங்கிட்டுப் போனீங்க. வியாழன் காலையிலதான் திருப்பிக் குடுத்தீங்க” என்றார். புதன் மத்தியானம் ரெண்டரைக்கு நான் ஈஸி சேரில் சாய்ந்து, பச்சைமலையில் என் போட்டோ எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனவே மேலே பாயின் இருதயம் பற்றி எழுதிய இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். ஆட்டோ வந்துவிட்டது. உன் அத்தை அழுதுகொண்டே திட்டுகிறாள். பாய் என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. “இ.சி.ஜி.க்கு மட்டும் உங்களுக்குப் பதிலா நான் படுத்துக்க முடியாதுங்க டைம்கீப்பரே. ஏறுங்க” என்கிறார்.