எனக்குத் தெரிந்த ஹெலிச் சத்தம்

பசியோடு கிடந்த இருநூறு பேருக்கு வந்த சாப்பாட்டை ஒரே சொல்லில் திருப்பி அனுப்பியவன் நான். இதை வேறு யாராவது எழுதினால் இன்னும் கேவலமாக எழுதுவார்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் கல்குடாவில் எனக்கு ஆகாய விமான அறிஞர் என்று ஒரு பெயர் இருந்தது (நானே வைத்துக்கொண்டதுதான்). சின்ன வயதில் எங்கள் ஊருக்கு மேலே விமானப்படையின் ஹெலிகொப்டர், எங்கள் வாயில் ஹெலி, வந்து சுடும். பங்கருக்குள் குந்தியிருந்து பழகிய காது, ஹெலி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தத்தைப் பிடித்துவிடும். பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது, பாடப் புத்தகங்களை விட்டுவிட்டு நூலகத்தில் விமானப் புத்தகங்களாகத் தேடி வாசித்தேன். எங்களைத் துரத்திய ஹெலியை யாரோ ஒரு வெள்ளைக்காரன் வரைந்து முடித்தது என் அப்பா கல்யாணம் கட்டுவதற்கு முன்பு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து தேத்தண்ணிக் கடையில் என் வாய் மூடவில்லை. "இது இன்னும் ஒரு வருசம்தான் பறக்கும். மறுகா பழைய இரும்புக்குத்தான்" என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். புதியது வாங்கக் குழு கூடியது, டெண்டர் கேட்டது என்று பேப்பரில் எப்போதும் ஏதாவது வந்துகொண்டிருக்கும். ராணுவத்துக்கு ஒரு சாமான் வாங்க முடிவெடுத்து அது வந்து இறங்குவதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, படித்து, உத்தியோகத்துக்கும் போய்விடலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஹெலியோ என் தீர்ப்பைக் கணக்கில் எடுக்காமல், புதிதாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு பறந்தது. கடைசியில் சமாதான ஒப்பந்தம் வந்தது. வானம் அமைதியானது. நான் சொன்னது பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் அறிவித்தேன். "தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அதை முழுதாக நம்பியவர் என் அக்காவின் புருசன், அத்தான், ஒருவர்தான். அவர் கடற்றொழில் செய்பவர்.

சுனாமி வந்த காலையில் அத்தான் கரையில் வலை இழுத்துக்கொண்டு நின்றார். அவர் திரும்பி வரவில்லை. ஐந்து மாதப் பிள்ளையோடு அக்காவைக் கூட்டிக்கொண்டு நான் உள்பக்கமாக ஓடி, ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அக்காவுக்குக் காய்ச்சல். பால் வற்றிவிட்டது. பாதை உடைந்து கிடந்ததால் மூன்றாம் நாள் வரை வெளியே இருந்து ஒன்றும் வரவில்லை. பிள்ளைக்கு இளநீரைக் கரண்டியால் பருக்கினோம். பிள்ளை அழுதபோது எனக்குப் பயம் வரவில்லை, அழுகை நின்றபோதுதான் வந்தது.

அந்த மூன்றாம் நாள் காலை பெண்கள் நாலைந்து வெள்ளைச் சீலைகளை முடிந்து விளையாட்டு மைதானத்தில் விரித்திருந்தார்கள். மேலே போகிற யாருக்காவது நாங்கள் இருப்பது தெரியட்டும் என்று. மத்தியானம் போல என் காதில் அந்தச் சத்தம் விழுந்தது.

"என்ன சத்தம் தம்பி அது?" என்று அக்கா கேட்டா.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. உதவிக்கு வருவதென்றால் வெளிநாட்டுக்காரனின் புத்தம் புது ஹெலி வரும். பழையதைக் கிளப்பிக்கொண்டு வருகிறார்கள் என்றால் சண்டை தொடங்கிவிட்டது. இதற்கு மூன்றாவது விளக்கம் இருக்கலாம் என்று என் மூளைக்கு எட்டவில்லை.

"பழைய ஹெலி. சுட வாறாங்க. எல்லாரும் படுங்க" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. அரை நிமிடத்தில் மைதானம் வெறுமை. மேசைக்குக் கீழே, மரத்துக்குக் கீழே, மதிலோரம் என்று இருநூறு பேரும் மறைந்துவிட்டார்கள். விரித்திருந்த சீலையை மறந்துவிட்டார்களே என்று நானே ஓடிப்போய்ச் சுருட்டிக்கொண்டும் வந்தேன் (வீரம்!). ஹெலி இரண்டு தரம் சுற்றியது. திறந்த கதவில் சுடும் துவக்கைத் தேடினேன். அட்டைப் பெட்டிகள்தான் அடுக்கியிருந்தன. கீழே ஒரு சனமும் வெளியே வரவில்லை என்று கண்டு அது இன்னும் உள்பக்கமாகப் போனது.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா மட்டும் மேசைக்குக் கீழே இருந்தபடியே கேட்டா.

"சாப்பாடாடா அது?"

யாருடையதோ சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹெலி தாழ்ந்த பக்கமாகப் போனேன். தண்ணீர் நின்ற இடங்களில் சைக்கிள் என் தோளில் வந்தது. இரண்டு மைல் கட்டைக்கு அப்பால் ஒரு வெட்டவெளியில் அது இறங்கியிருந்தது. பெட்டி இறக்கிக்கொண்டிருந்த விமானப்படைக்காரர் என் வயதுக்காரர். தெரிந்த தமிழில் கேட்டார்.

"அங்க ஸ்கூல்ல ஆள் ஓடினது நாங்க பாத்தது. ஏன் ஓடினது?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "இந்தச் சத்தம்" என்றேன்.

அவர் ஹெலியின் வயிற்றில் தட்டினார். "இதுக்கு நாங்க தாத்தா சொல்றது. எங்க அப்பாவும் இதுல வேலை செஞ்சது. புதுசு வரும், வரும் சொல்றது. வராது. ஏறுறதுக்கு எனக்கும் பயம்தான்."

அவருடைய அப்பா மேலே இருந்த காலத்தில் என் அப்பா கீழே படுத்திருப்பார் என்று நினைத்தேன். பிள்ளைக்குப் பால் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு பால்மாப் பைக்கற்றுகளை என் கையில் வைத்தார். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவும் வருவதாகச் சொன்னார். பின்னேரம் வந்தார்கள். அந்த முறை நான் மைதானத்தின் நடுவில் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். என் மானம்தான் பிழைக்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலும், விருந்தாளி வந்தாலும், "தம்பி, படுக்கவா, நிக்கவா?" என்று என்னைக் கேட்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. ஆகக் கூடுதலாகக் கேட்பது அக்காதான். அத்தான் போன பிறகு அவ முதன்முதலாகச் சிரித்தது இதற்குத்தான் என்பதால் நான் ஒருநாளும் கோபிக்கவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், கரடியனாற்றில் சொந்தக்காரரின் வயல் வட்டையில் களை பிடுங்கப் போயிருந்தோம். அதே சத்தம் வந்தது. புதியது இன்னும் வரவில்லை. பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. பால்மா கொண்டுவந்த ஹெலி என்று மட்டுமே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். வரம்பில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. தலையைத் திருப்பினேன். பக்கத்தில் அக்காவும் முகத்தைச் சேற்றில் வைத்துக் கிடந்தா. அவவின் குரலில் பகிடியோ சிரிப்போ இல்லை.

"தம்பி, எழும்பலாமா?"

"கொஞ்சம் பொறுங்க அக்கா" என்றேன்.